மூன்று வருடம் நங்கூரம் தூக்கிய விண்ட்லாஸ்: என் மதிப்பீடு

எங்கள் பாய்மரப் படகு 12 மீட்டர் நீளம். நங்கூரம் 25 கிலோ, அதோடு 10 மி.மீ. சங்கிலி 60 மீட்டர். சுக்கான் என் கணவர் பொறுப்பு, அணியம், அதாவது படகின் முன்முனை, என் பொறுப்பு. முதல் இரண்டு வருடம் அந்தச் சங்கிலியைக் கையால்தான் இழுத்தேன். 10 மி.மீ. சங்கிலி மீட்டருக்கு ஏறக்குறைய 2.3 கிலோ. 12 மீட்டர் ஆழத்தில் நங்கூரம் தரையை விட்டுக் கிளம்பும் நேரத்தில், தண்ணீர் தாங்குவதைக் கழித்தாலும் கையில் தொங்குவது 45 கிலோவுக்குக் குறையாது. அதுவும் ஆடுகிற தளத்தில், ஈரக் கையுறையோடு. ஒரு விடியற்காலையில் காற்று திசை மாறி, படகின் பின்பக்கம் பாறைகளை நோக்கித் திரும்பிவிட்டது. அவசரமாகக் கிளம்பியாக வேண்டும். பாதிச் சங்கிலி வந்ததும் என் வலது தோள் பிடித்துக்கொண்டது. நங்கூரச் சங்கிலியை மோட்டாரால் இழுக்கும் விண்ட்லாஸ் வாங்குவதென்று அன்றைக்கே முடிவாகிவிட்டது.

வாங்கியது 12 வோல்ட், 1000 வாட், படுக்கை வகை. கம்பெனி பெயரைச் சொல்லாமலே எழுதுகிறேன். நான் பட்ட பாட்டில் முக்கால்வாசி அந்த மெஷினால் வந்ததல்ல, அதைச் சுற்றியிருந்த சங்கிலி, கேபிள், தளம் ஆகியவற்றால் வந்தது. எந்த மெஷின் வாங்கினாலும் இவை உங்களையும் தேடி வரும்.

இழுவைக் கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். நங்கூரத்தின் எடையோடு முழுச் சங்கிலியின் எடையையும் கூட்டி மூன்றால் பெருக்கு, உச்ச இழுவை அதற்குக் குறையக் கூடாது என்பது படகுக்காரர்கள் வழக்கமாகச் சொல்வது. எங்களுக்கு 138 கிலோ சங்கிலி, 25 கிலோ நங்கூரம், ஆக 163. மூன்று மடங்கு 489 கிலோ. 1000 வாட் மெஷின் இதைத் தாராளமாகத் தாண்டிவிடுகிறது. ஆனால் விளம்பரத்தாளில் பெரிய எழுத்தில் போடுவது உச்ச இழுவையைத்தான். மோட்டார் திணறி நிற்கப்போகும் எல்லை அது. தொடர்ந்து இழுக்கக்கூடிய வேலைச் சுமை அதில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் கீழோ இருக்கும், சின்ன எழுத்தில் இருக்கும். அந்தச் சின்ன எழுத்தைப் பாருங்கள்.

நிற்கும் வகையா, படுக்கை வகையா என்று இரண்டு வாரம் வீட்டில் பேச்சு ஓடியது. நிற்கும் வகையில் மோட்டார் தளத்துக்குக் கீழே மறைந்துவிடும், மேலே தெரிவது சின்னத் தலை மட்டும். சங்கிலியும் சக்கரத்தை அரைவட்டம் சுற்றிப் பிடித்துக்கொள்வதால் பிடி உறுதி. படுக்கை வகையில் கால்வட்டம்தான். அவருக்கு நிற்கும் வகை மேல்தான் ஆசை. நான் டேப்பை எடுத்துக்கொண்டு, அணியத்தில் தளத்துக்குக் கீழே சங்கிலி குவியும் செயின் லாக்கருக்குள் இறங்கினேன். 60 மீட்டரும் உள்ளே இருக்கும்போது சங்கிலிக் குவியலின் உச்சிக்கும் தளத்தின் அடிப்பக்கத்துக்கும் நடுவே 20 சென்டிமீட்டர்தான் இருந்தது. சக்கரத்திலிருந்து குவியல் வரை குறைந்தது 30 சென்டிமீட்டர் விழ இடம் வேண்டும். இல்லாவிட்டால் சங்கிலியைக் கீழே இழுக்க அதன் சொந்த எடை போதாமல், லாக்கருக்குள் இறங்கும் குழாயின் வாயிலேயே அடைத்துக்கொள்ளும். படுக்கை வகையில் சக்கரம் தளத்துக்கு மேலே உயர்ந்து நிற்கிறது. எங்களுக்குத் தேவைப்பட்ட மீதி உயரம் அதில் கிடைத்தது. போதாக்குறைக்கு மோட்டாரையும் அந்த ஈர லாக்கருக்குள் தொங்கவிட வேண்டியதில்லை. நிற்கும் வகையை நான் குறை சொல்லவில்லை. லாக்கர் ஆழமாக இருந்திருந்தால் அதைத்தான் வாங்கியிருப்பேன்.

இனி சங்கிலி விஷயம். இதை எழுதத்தான் உட்கார்ந்தேன் என்றே சொல்லலாம். ஆர்டர் கொடுக்கும்போது “10 மி.மீ. சங்கிலி” என்றேன், “10 மி.மீ. ஜிப்சி” அனுப்பினார்கள். ஜிப்சி என்பது சங்கிலியின் கண்ணிகள் உட்காரும் பள்ளங்கள் கொண்ட சக்கரம். முதல் நான்கு நாள் பிரமாதமாக இழுத்தது. ஐந்தாம் நாள், கொஞ்சம் அலை இருந்தது, நங்கூரம் ஆழமாகப் புதைந்திருந்தது. பொத்தானை அழுத்தினேன். டக், டக் என்று இரண்டு சத்தம். அடுத்த நொடி சங்கிலி பள்ளத்தை விட்டு எகிறி, இழுத்ததெல்லாம் கடலுக்குள் சரசரவென்று திரும்ப ஓட ஆரம்பித்தது.

“என்னங்க, செயின் ஓடுது!”

“கைய எடு! பக்கத்துல போகாத, ஓடட்டும்!”

அவர் சொன்னதுதான் சரி. ஓடுகிற சங்கிலியைக் காலால் மிதித்து நிறுத்தலாம் என்று ஒரு கணம் தோன்றும், அந்தக் கணத்தில் விரல் போய்விடும். கடைசி முனையைக் கயிறு போட்டு லாக்கருக்குள் கட்டியிருந்ததால் நங்கூரமும் சங்கிலியும் தப்பின. அந்தக் கயிறு தளத்துக்கு மேலே வந்து எட்டிப்பார்க்கும் நீளம் இருக்க வேண்டும். எடுக்கவே முடியாத நெருக்கடி வந்தால் கத்தியால் அறுத்துவிட்டுக் கிளம்பலாம். ஷேக்கிள் என்ற இரும்பு வளையம் போட்டு இறுக்கிவைத்தால் அறுக்க முடியாது.

அன்று சாயங்காலம் வெர்னியரை எடுத்து ஒரு கண்ணியின் உள்நீளத்தை அளந்தேன். 28 மி.மீ. 10 மி.மீ. சங்கிலியில் இரண்டு அளவு உண்டு: டிஐஎன் 766 என்ற ஜெர்மன் தரம் என்றால் உள்நீளம் 28, ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தரம் என்றால் 30. கம்பியின் தடிமன் இரண்டிலும் ஒன்றுதான், பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. வந்திருந்த ஜிப்சி 30-க்கு வார்த்தது. ஒவ்வொரு கண்ணியும் இரண்டு மி.மீ. தள்ளி உட்கார்ந்து, சுமை ஏறும்போது பள்ளத்தின் விளிம்பில் ஏறி நின்றிருக்கிறது. சக்கரத்தின் உதடுகளில் அதற்குள் பளபளவென்று தேய்மானக் கோடு விழுந்திருந்தது. சரியான ஜிப்சியை வரவழைத்து மாற்றிய பிறகு இந்த மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட எகிறவில்லை. 8 மி.மீ. சங்கிலிக்காரர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு, அங்கே இரண்டு தரத்திலும் உள்நீளம் 24-தான். மற்றவர்கள் அளந்து, தரத்தின் பெயரைச் சொல்லி வாங்குங்கள். விற்பவர் “எல்லாத்துக்கும் சேரும்” என்றால் நம்பாதீர்கள்.

கேபிள் என் தொழில், ஆகவே இதில் கொஞ்சம் நிதானிக்கிறேன். 1000 வாட்டை 12 வோல்ட்டால் வகுத்தால் 83 ஆம்பியர். சுமை ஏறினால் 100-ஐத் தாண்டும். எங்கள் பேட்டரி படகின் நடுவில், விண்ட்லாஸ் அணியத்தில். போக 10 மீட்டர், வர 10 மீட்டர். பழைய சொந்தக்காரர் ஏற்கெனவே 25 சதுர மி.மீ. கேபிள் ஓட்டி வைத்திருந்தார், பார்க்கத் தடிமனாகத்தான் இருந்தது. 20 மீட்டருக்கு, 100 ஆம்பியரில், அந்தக் கேபிளிலேயே 1.4 வோல்ட் காணாமல் போகும். இன்ஜினை ஓடவிட்டு, சங்கிலி ஏறும்போது அளந்தேன்: பேட்டரியில் 13.1, மோட்டார் முனையில் 11.5. மோட்டார் முனகிக்கொண்டு மெதுவாகச் சுற்றியது, ஐந்து நிமிடத்தில் உடம்பு கொதித்தது. வோல்டேஜ் குறைந்தால் டிசி மோட்டார் சுற்றும் வேகம் குறையும், அதே சுமையைத் தூக்க அதிக நேரம் சூட்டில் கிடக்கும்.

கேபிளைப் பிடுங்கிப்போட்டு, வெள்ளீயம் பூசிய செம்பில் 50 சதுர மி.மீ. ஓட்டினேன். இப்போது மோட்டார் முனையில் 12.3. சத்தமே மாறிவிட்டது, முனகல் போய் ஒரே சீரான ரீங்காரம். மெஷின் சரியில்லை என்று திருப்பி அனுப்பப் பார்க்கிறவர்கள் முதலில் மோட்டார் முனையில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். பிரேக்கரைப் பேட்டரிக்குப் பக்கத்தில் வையுங்கள், அணியத்தில் வைத்தால் நடுவில் ஓடும் பத்து மீட்டர் கேபிளுக்குக் காவல் இல்லை. மோட்டாருக்குக் கரண்டை இணைத்துத் துண்டிக்கும் கான்டாக்டர் பெட்டியை லாக்கருக்குள் வைக்க இடம் வசதியாகத்தான் இருக்கும். வைக்காதீர்கள், உப்பு ஈரம் அதைத் தின்றுவிடும். நான் தடுப்புக்கு இந்தப் பக்கம், காய்ந்த அறையில் வைத்தேன்.

தளத்தில் துளை போட்ட நாளை மறக்க மாட்டேன். ஃபைபர் தளத்துக்கு நடுவில் பால்சா மரம். முதல் மூன்று துளையிலும் வெள்ளைத் தூள் வந்தது, பிறகு வெளிர்பழுப்பில் காய்ந்த மரச்சுருள். நான்காவதில் சுருள் கறுப்பாக வந்தது. விரலில் தேய்த்துப் பார்த்தேன், ஈரம். பக்கத்தில் இருந்த, கயிறு கட்டும் பழைய கிளீட்டின் போல்ட் வழியாக வருடக்கணக்கில் தண்ணீர் இறங்கியிருக்கிறது. வளைத்த ஆணியை டிரில்லில் மாட்டி, துளையைச் சுற்றி அழுகிய மரத்தைக் குடைந்து எடுத்தேன், ஒரு வாரம் காயவிட்டேன், கெட்டியான எபாக்ஸியை நிரப்பினேன். மற்ற மூன்றையும் அதே மாதிரி பெரிதாகக் குடைந்து நிரப்பி, இறுகியபின் நடுவில் போல்ட் அளவுக்கு மறுபடி துளைத்தேன். இப்படிச் செய்தால் நாளைக்கே சீலன்ட் விட்டுப்போனாலும் தண்ணீர் மரத்தைத் தொடாது. அடியில் முழு அகலத்துக்கு ஓர் அலுமினியத் தகடு. அணியத்து ரோலரிலிருந்து வரும் சங்கிலி சக்கரத்துக்கு நேர்கோட்டில் வருகிறதா என்று நூல் கட்டிப் பார்த்த பிறகுதான் துளைத்தேன், அந்த நூலுக்கே அரை நாள் போனது.

ஒரு போல்ட்டில் மட்டும் தவறிவிட்டேன். ஸ்டெயின்லெஸ் போல்ட்டுக்கும் அலுமினிய உடம்புக்கும் நடுவே தடவும் தடுப்புப் பசையை அதில் தடவவில்லை. இரண்டாம் வருடம் சரியாக அந்தக் காலடியில் மட்டும் பெயின்ட் கொப்பளித்து, வெள்ளைப் பொடி தள்ளியது. மற்ற மூன்றும் புதுசு போலவே இருக்கின்றன.

தினசரி வேலையில் மெஷின் திருப்தி. சுமை குறைவாக இருக்கும்போது நிமிடத்துக்கு 20 மீட்டர் போல் வருகிறது, சங்கிலி செங்குத்தானதும் வேகம் பாதியாகிறது. படகை இழுப்பது இதன் வேலை அல்ல. அவர் இன்ஜினில் மெல்ல முன்னால் வருவார், தொய்ந்த சங்கிலியை மட்டும் நான் எடுப்பேன். புதைந்த நங்கூரத்தை உருவும்போது சங்கிலியைப் பிடித்து நிறுத்தும் ஸ்டாப்பரைப் போட்டுவிடுவேன், படகின் எடையே பெயர்த்துவிடும். இரவு தங்கும்போது, சங்கிலியில் மாட்டிப் படகோடு கட்டும் நைலான் ஸ்னப்பர் கயிற்றில்தான் படகு தொங்கும், ஜிப்சி மேல் ஒரு கிலோகூட இருக்காது. நைலான் நீண்டு சுருங்கி அலையின் அடியை வாங்கிக்கொள்கிறது. அந்த அடி நேராக கியருக்குப் போனால் எந்த மெஷினும் நிலைக்காது.

குறைகளும் உண்டு. கரண்ட் போனால் கைப்பிடியால் எடுக்கலாம் என்கிறார்கள், எடுக்கலாம்தான். ஒரு நாள் வேண்டுமென்றே முயன்றேன். ஒரு தள்ளலுக்கு இரண்டு மூன்று கண்ணி. 20 மீட்டர் எடுப்பதற்குள் மூச்சு வாங்கியது. புயல் நேரத்தில் அதை நம்பிப் போக மாட்டேன். தளத்தில் பதித்த கால் ஸ்விட்ச் இரண்டாம் மழைக்காலத்தில் நீர் புகுந்து, யாரும் மிதிக்காமலே மோட்டாரை ஓடவிட்டது. நல்லவேளை நான் பக்கத்தில் இருந்தேன். அதைக் கழற்றிவிட்டு வயர் ரிமோட்டுக்கு மாறிவிட்டேன், வேலை முடிந்ததும் பிரேக்கரையும் அணைத்துவிடுகிறேன். லாக்கரில் சங்கிலி கோபுரமாகக் குவிகிறது. நடுவில் ஒரு முறை நிறுத்தி, மூடியைத் திறந்து, பழைய துடுப்புக் கட்டையால் தட்டிச் சரிக்க வேண்டியிருக்கிறது.

சக்கரத்தை மோட்டாரோடு பிணைக்கும் கிளட்சைப் பற்றி ஒன்று. கையால் முடிந்தவரை இறுக்கி வைக்காதீர்கள். நங்கூரம் பாறையில் சிக்கினால் அது வழுக்க வேண்டும், மோட்டாரைக் காப்பதே அந்த வழுக்கல்தான். நான் கிளட்ச் கைப்பிடியைச் சிவப்புக் கயிற்றில் கட்டி லாக்கர் மூடியின் உள்பக்கம் தொங்கவிட்டிருக்கிறேன். சங்கிலி ஓட ஆரம்பித்தால் அதைத் தேட நேரம் இருக்காது.