பல் கேப்புக்கு 3டி ஸ்கேன்: வாய்க்கு நிம்மதி, வாசல் போர்டுதான் கொஞ்சம் ஓவர்

இடது கீழ்க் கடைவாய்ப்பல்லுக்கு ரூட் கெனால் முடிந்து கேப் போட வேண்டியிருந்தது. பத்து வருஷத்துக்கு முன்னால் வேறொரு பல்லுக்கு அளவு எடுத்தபோது, ட்ரே நிறையப் பசையைக் குழைத்து வாயில் அழுத்திவிட்டு "மூக்கால மூச்சு விடுங்க" என்றார்கள். குமட்டி, கண்ணில் தண்ணீர் கட்டி, அதையும் இரண்டு தடவை எடுத்தார்கள். அந்தப் பயத்தில்தான் "3டி ஸ்கேன், 3டி பிரிண்ட், ஒரே நாளில் பல்" என்று போர்டு வைத்திருந்த இந்த கிளினிக்குக்குப் போனேன்.

பசைக்குப் பதிலாக வாய்க்குள் விட்டுப் படம் பிடித்தே அளவெடுக்கும் ஸ்கேனர் அருமை, அதில் சந்தேகமே இல்லை. பேட்டரி டூத்பிரஷ்ஷைவிடக் கொஞ்சம் தடிமன், கண்ணாடியில் ஆவி படியாமலிருக்க நுனியை வெதுவெதுப்பாக வைத்திருக்கிறார்கள். பல்லின் மேல் அது நகர நகர எதிரே திரையில் என் பல்வரிசை முளைத்துக்கொண்டே வருகிறது, விட்டுப்போன இடம் ஓட்டையாகத் தெரிகிறது, டாக்டர் அங்கே மட்டும் திரும்பிப் போய் நிரப்புகிறார். பசையில் முக்கியமான இடத்தில் ஒரு குமிழி விழுந்தால் மொத்தமும் மறுபடி. கடைசிப் பல்லுக்குப் பின்னால் போனபோது மட்டும் லேசாகக் குமட்டியது.

சரி, அந்த போர்டு. பிரிண்டரில் வந்தது தற்காலிக கேப் மட்டும்தான். திரவ ரெசினை ஒளியால் அடுக்கடுக்காக இறுகவைத்து, ஆல்கஹாலில் அலசி, மறுபடி புற ஊதா வெளிச்சத்தில் வைத்துக் கொடுக்கிறார்கள். நிரந்தரமான ஜிர்கோனியா (பீங்கான் மாதிரி உறுதியான வெள்ளைப் பொருள்) கேப்பை சாக்பீஸ் மாதிரி இருக்கும் வெள்ளை வட்டிலிருந்து மெஷினில் கடைந்தெடுத்து, சுமார் 1500 டிகிரி சூளையில் சுடுகிறார்கள்; சுடும்போது ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும் என்பதால் முதலிலேயே பெரிதாகக் கடைய வேண்டும். அதெல்லாம் வெளி லேபில், எனக்கு ஆறு நாள் ஆனது. ரிசப்ஷனில் கேட்டால் "ஒரே நாள்னு போட்டது டெம்பரவரி பல்லுக்கு சார்" என்கிறார்கள். அதை போர்டில் எழுத இடமில்லையா?

"3டி எக்ஸ்ரேயும் எடுத்துடலாம்" என்று சீட்டில் எழுதியும் வைத்திருந்தார்கள். இம்ப்ளான்ட், அதாவது தாடை எலும்பில் திருகு பதித்துப் பல் கட்டுவது என்றால் கீழ்த்தாடை நரம்பு எங்கே ஓடுகிறது என்று பார்க்க வேண்டும், நியாயம். வெறும் கேப்புக்கு எதற்கு? கேட்டதும் டாக்டரே சீட்டில் அதை அடித்து நீக்கிவிட்டார்.

வந்த கேப் கச்சிதம். எங்கே உயரமாக இடிக்கிறது என்று பார்க்க நீலத் தாளைக் கடிக்கச் சொல்லி, ஒரே ஒரு இடத்தில் லேசாகத் தேய்த்தார், அவ்வளவுதான். பழைய கேப்பை அரை மணி நேரம் தேய்த்தது ஞாபகம் வந்தது. கிளம்பும்போது ஸ்கேன் கோப்பை பென் டிரைவில் கேட்டு வாங்கிக்கொண்டேன், நீங்களும் கேளுங்கள், நாளைக்கு கேப் உடைந்தால் வேறு ஊரில்கூடக் காட்டலாம். மறுநாள் சாயங்காலம் அந்தப் பக்கத்திலேயே முறுக்கு கடித்துப் பார்த்தாயிற்று.