அடுத்தவர் காகிதம் நம் கணினியில் எத்தனை நாள்? சிஸ்டம்டி-டெம்ப்ஃபைல்ஸ்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

மன்னார்குடியில் ஜெராக்ஸ், ஸ்கேன், பிரின்ட் எடுத்துக் கொடுக்கும் சிறிய கடை ஒன்றை நடத்தி வருகிறேன். முன்பக்கத்தில் மூன்று கணினிகளும், ஸ்கேன் செய்த கோப்புகள் வந்து சேர்வதற்காக உள்ளறையில் ஒரு பழைய கணினியும் இருக்கின்றன. நான்கிலும் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம்தான். தற்காலிகக் கோப்புகளைத் தானாக உருவாக்கவும் நாள் கடந்ததும் தானாக அழிக்கவும் லினக்ஸைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டியோடு வரும் டெம்ப்ஃபைல்ஸ் கருவியை 2022 முதல் பயன்படுத்துகிறேன். டெபியன் 11இல் தொடங்கி, 12 வழியாக, இப்போது 13 வரை அதே அமைப்பைத் திருத்தித் திருத்திக் கொண்டு வந்திருக்கிறேன்.

எங்கள் கடையில் தற்காலிகக் கோப்பு என்பது பெரும்பாலும் மற்றவருடைய வாழ்க்கை ஆவணம். நவம்பர் மாதத்தில் சம்பாப் பயிர்க் காப்பீட்டுக்குப் பதிவு செய்யும் நாட்களில் சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் ஆகிய நான்கையும் ஸ்கேன் செய்துகொள்ள வடுவூரிலிருந்தும் கோட்டூரிலிருந்தும் காலையிலேயே ஆட்கள் வந்துவிடுவார்கள். வேலை முடிந்ததும் காகிதத்தை மறக்காமல் வாங்கிப் பையில் வைத்துக்கொள்பவர்களுக்கு, அதன் நகல் எங்கள் கணினியில் தங்கிவிட்டது என்பது தெரியாது. தெரியாதவர்களுக்காக அதைத் தெரிந்த நாங்கள்தான் அழிக்க வேண்டும். அதே சமயம் உடனே அழித்தும் விட முடியாது. விண்ணப்பம் தெளிவில்லை என்று திரும்பி வந்தால், "தம்பி, முந்தாநாள் ஸ்கேன் பண்ணிக் குடுத்தீங்களே, அந்த அடங்கல் இருக்கா?" என்று மறுபடியும் பேருந்து பிடித்து வந்து நிற்பார்கள். ஆகவே ஒவ்வொரு கோப்புறைக்கும் எத்தனை நாள் என்ற கேள்விக்கு, எந்தக் காகிதம் யாருக்கு எவ்வளவு காலம் தேவைப்படும் என்று அறிந்தவர்தான் விடை சொல்ல முடியும்.

இந்தக் கருவிக்கு முன்னால், குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் கிரானில், கோப்புகளைத் தேடும் ஃபைண்ட் கட்டளையை வைத்து, இரண்டு நாட்களுக்கு மேற்பட்டவற்றை இரவு பத்து மணிக்கு அழிக்கும்படி செய்திருந்தேன். ஒருநாள் மாலை ஒரு அம்மா தம் கணவரின் பழைய ஆவணங்களைப் பென்டிரைவில் கொண்டுவந்தார். அவற்றைக் கடைக் கணினியில் ஏற்றிப் பாதி விண்ணப்பத்தை நிரப்பினோம். மறுநாள் காலையில் கோப்புகள் ஒன்றும் இல்லை. பென்டிரைவிலிருந்து நகலெடுத்தபோது கோப்புகளின் பழைய திருத்த நேரம் அப்படியே கூடவே வந்திருந்தது. முந்தைய நாள்தான் எங்கள் கணினிக்கு வந்த கோப்பு, ஃபைண்டின் கணக்கில் மூன்று ஆண்டு பழையதாக இருந்தது. அவரை மீண்டும் வரச் சொல்லித் தொலைபேசியில் கேட்டுக்கொண்ட அன்றுதான் வேறு வழி தேட ஆரம்பித்தேன்.

டெம்ப்ஃபைல்ஸில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு வரி எழுதினால் போதும். வகையைக் குறிக்கும் ஓர் எழுத்து, கோப்புறையின் பாதை, அனுமதி எண், உரிமையாளர், குழு, வயது என்ற வரிசையில் எழுதி, அந்தக் கோப்பை அமைப்புக் கோப்புகள் இருக்கும் ஈடிசி கோப்புறைக்குள் உள்ள டெம்ப்ஃபைல்ஸ்-டி கோப்புறையில் கான்ஃப் என்ற பின்னொட்டோடு வைக்க வேண்டும். கணினி தொடங்கும்போது ஒரு சர்வீஸ் இந்த வரிகளைப் படித்து, இல்லாத கோப்புறைகளை உரிய அனுமதியோடு உருவாக்கும். தொடங்கிய 15 நிமிடம் கழித்து ஒரு டைமர் முதல் சுத்தத்தைச் செய்து, பிறகு நாளுக்கு ஒரு முறை அதைத் தொடரும். நாங்கள் இரவில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் போகிறோம் என்பதால், இரவில் ஓட வேண்டிய கிரானைவிடக் காலையில் தொடங்கிய பிறகு ஓடும் இந்த ஏற்பாடு கடைக்கு நன்றாகவே பொருந்தியது.

வயதைக் கணக்கிடும் விதம்தான் முதலில் என் மனத்தைக் கவர்ந்தது. கடைசியாகப் படித்த நேரம், திருத்திய நேரம், கோப்பின் நிலை மாறிய நேரம், வட்டு வடிவமைப்பு பதிந்து வைத்திருந்தால் பிறந்த நேரம் ஆகிய அனைத்தும் நாம் கொடுத்த வயதைத் தாண்டினால்தான் ஒரு கோப்பு அழியும். பென்டிரைவிலிருந்து வரும் பழைய கோப்பின் திருத்த நேரம் பழையதாக இருந்தாலும், நிலை மாறிய நேரமும் பிறந்த நேரமும் நகலெடுத்த நொடியாக இருக்கும். அந்த அம்மாவின் கோப்புகள் இந்த ஏற்பாட்டில் தப்பியிருக்கும்.

ஆனால் அதே கவனம் வேறொரு பக்கம் என்னைத் தடுத்தது. ஏழு நாள் என்று எழுதி மூன்று வாரம் ஆகியும் ஸ்கேன் கோப்புறையில் ஒரு கோப்புகூடக் குறையவில்லை. சிஸ்டம்டியின் பதிவு நிலையை, ஒவ்வொரு முடிவுக்கும் காரணம் காட்டும் டீபக் என்று வைத்துக் கையால் ஓட்டியபோது, ஒவ்வொரு கோப்பின் பெயருக்கும் பக்கத்தில் அதைப் படித்த நேரம் மிகவும் புதியது என்று வந்தது. நாள்தோறும் கடையை மூடும்போது கோப்புகளை ஒரே கட்டாகச் சேர்க்கும் டார் கட்டளையால் முழு பேக்கப் எடுக்கிறோம். டார் ஒவ்வொரு கோப்பையும் திறந்து படிக்கிறது. லினக்ஸின் இயல்பான ரெல்அடைம் ஏற்பாட்டில், முந்தைய படிப்பு நேரம் ஒரு நாளுக்கு மேல் பழையதாக இருந்தால் அது புதுப்பிக்கப்பட்டுவிடும். ஆகவே ஏழு நாள் என்ற எல்லையை எந்தக் கோப்பும் எட்டவே இல்லை.

படிப்பு நேரத்தை மாற்றாமல் விடும் சுவிட்ச் (கட்டளையோடு சேர்த்து எழுதும் கூடுதல் சொல்) டாரில் உண்டு. அதைப் போடப் போனபோதுதான், ஸ்கேன் கோப்புறை பேக்கப்பில் இருப்பதே தவறு என்பது உறைத்தது. இங்கே ஏழு நாளில் அழித்துவிட்டு, வெளி வட்டில் அதே ஆதார் நகல்களை மாதக்கணக்கில் வைத்திருந்தால், அழித்ததாகச் சொல்வதற்கே பொருள் இல்லை. ஸ்கேன் கோப்புறையைப் பேக்கப்பிலிருந்து நீக்கினேன், பழைய பேக்கப்களையும் அழித்தேன். இதே வேலையைச் செய்யும் கடைக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், டெம்ப்ஃபைல்ஸ் அமைப்பதற்கு முன்பாகவே உங்கள் பேக்கப்பில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

டெபியன் 12க்கு மாறிய பிறகு வயதுக்கு முன்னால் எந்த நேரங்களைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று எழுத்துகளால் சொல்ல முடிந்தது. திருத்த நேரத்தை மட்டும் பார்க்கச் சொல்லும்படி பலரும் அறிவுரை கூறுவார்கள். அப்படிச் செய்தால் பழைய ஃபைண்ட் சிக்கலே திரும்பி வரும் என்பதால் நான் அதை ஏற்கவில்லை. பிறந்த நேரத்தை மட்டும் பார்க்கும்படி, கோப்புக்குச் சிறிய பி எழுத்தையும் உள்கோப்புறைக்குப் பெரிய பி எழுத்தையும் போட்டு, அதன்பின் ஏழு நாள் என்று எழுதியிருக்கிறேன். எங்கள் வட்டின் வடிவமைப்பு எக்ஸ்ட்4 என்பதால் பிறந்த நேரம் பதிவாகிறது. காகிதம் எங்கள் கடைக்கு வந்து ஏழு நாள் என்பதுதான் நான் சொல்ல நினைத்தது. அதை இந்த ஒரு வரி சரியாகச் சொல்கிறது. இதற்குப் பிறகு யார் எத்தனை முறை திறந்து பார்த்தாலும் கணக்கு மாறுவதில்லை.

வகையைக் குறிக்கும் எழுத்தில் நான் செய்த தவறு ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் உட்காரும் கணினிகளின் டவுன்லோட் கோப்புறைக்குப் பெரிய டி எழுத்தைப் போட்டிருந்தேன். சிறிய டி கோப்புறையை உருவாக்கி வயதுப்படி சுத்தம் செய்யும். பெரிய டியோ அதோடு, கணினி தொடங்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே இருப்பதை எல்லாம் அழித்துவிடும். அன்றாடம் காலையில் வெறுமையாகத் தொடங்கட்டும் என்பது என் எண்ணம். ஐப்பசி மழை தொடங்கியதும் அந்த எண்ணம் பொய்த்தது. டெல்டாவில் வடகிழக்குப் பருவமழை நாட்களில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. யுபிஎஸ் பத்து நிமிடம் தாங்கும். ஒரு கல்லூரி மாணவி நுழைவுச்சீட்டு, புகைப்படம், கையொப்பம் எல்லாவற்றையும் தரவிறக்கி வரிசைப்படுத்தி வைத்த நேரத்தில் மின்சாரம் நின்றது. மீண்டும் வந்து கணினி எழுந்தபோது கோப்புறை துடைத்து வைத்ததுபோல் இருந்தது. "அண்ணா, இப்பதான வச்சேன்?" என்று அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தது இன்னும் நினைவில் இருக்கிறது. அன்றே சிறிய டிக்கு மாற்றி, ஒரு நாள் என்று வயது கொடுத்தேன். மின்தடை அதிகமுள்ள ஊரில், பயனர் வேலை செய்யும் இடத்துக்குப் பெரிய டி கூடாது என்பது என் உறுதியான கருத்து.

திரும்பி வரக்கூடிய விண்ணப்பங்களுக்காக ஸ்கேன் கோப்புறைக்குள் 'நிலுவை' என்று ஒரு கோப்புறை வைத்தேன். முதலில் எக்ஸ் வகை வரியால் அதைச் சுத்தத்திலிருந்து விலக்கினேன். ஆறு மாதத்தில் அது கடையிலேயே பெரிய குவியலாகிவிட்டது. விலக்கு கொடுத்த இடத்தில் கோப்பைப் போடுவது எளிது, அதை எடுத்துப் போட எவருக்கும் நேரம் கிடைப்பதில்லை. எனவே எக்ஸ் வரியை நீக்கிவிட்டு, நிலுவைக்குத் தனி வரி எழுதி 45 நாள் கொடுத்தேன். ஓர் உள்கோப்புறைக்குத் தனி வரி இருந்தால், மேல் கோப்புறையைச் சுத்தம் செய்யும்போது அதைத் தொடாமல் விட்டுவிடும் என்பதால் இரண்டு வயதுகளும் மோதுவதில்லை. இதை அமைத்தபோது, பாதுகாப்பற்ற பாதை மாற்றம் என்று ஒரு பிழை வந்து வரி வேலை செய்ய மறுத்தது. மேல் கோப்புறை ஸ்கேனருக்கான பயனர் கணக்கின் பெயரிலும் உள்கோப்புறை கவுண்டர் கணக்கின் பெயரிலும் இருந்ததே காரணம். சாதாரணப் பயனருக்குச் சொந்தமான கோப்புறை வழியாக வேறொருவரின் கோப்புறைக்குள் ரூட் எனும் நிர்வாகியின் அதிகாரத்தோடு நுழைவதை இந்தக் கருவி அனுமதிப்பதில்லை. நடுவில் யாராவது வேறிடத்தைச் சுட்டும் இணைப்புக் கோப்பு ஒன்றை வைத்து ஏமாற்ற இடமுண்டு என்பதால் அது நியாயமான கண்டிப்பு. மேல் கோப்புறையை ரூட்டின் பெயருக்கு மாற்றியதும் சரியானது.

கோப்புறையை உருவாக்கும் வேலையைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ரன் கோப்புறை நினைவகத்தில் இருப்பதால் அதனுள் நாம் உருவாக்கியவை கணினி நின்றவுடன் மறைந்துவிடும். எங்கள் பிரின்ட் வரிசை நிரலுக்கு அங்கே ஒரு கோப்புறை வேண்டும். ஒரே வரி எழுதினேன், நான்கு ஆண்டுகளில் அதைத் திரும்பிப் பார்க்க நேரவில்லை.

டெபியன் 13 புதிய கேள்விகளைக் கொண்டுவந்தது. நிரல்கள் தற்காலிகக் கோப்புகளை வைக்கும் டெம்ப் கோப்புறை இப்போது நினைவகத்தில் அமைகிறது, அதிகபட்சம் நினைவகத்தின் பாதி அளவு. எங்கள் முன்பக்கக் கணினிகளில் 4 ஜிபிதான் இருக்கிறது. ஏ4 பக்கம் ஒன்றை 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) வண்ணத்தில் ஸ்கேன் செய்தால் சுருக்கப்படாத நிலையில் சுமார் 104 எம்பி ஆகும். இருபது பக்கத்துக்குள் இடம் தீர்ந்துவிடும். ஒரு பழைய நிலப் பத்திரத்தை ஸ்கேன் செய்யும்போது நடுவிலேயே நின்றது இதனால்தான். ஸ்கேன் நிரலுக்கான டெம்ப் இடத்தை வட்டில் உள்ள வார்-டெம்ப்பின் ஒரு உள்கோப்புறைக்கு மாற்றி, அதற்கும் ஒரு நாள் வயதோடு வரி எழுதினேன். பத்திரம் போன்றவற்றுக்கு 300 டிபிஐ போதும் என்றும் பழக்கப்படுத்திக்கொண்டோம். அளவு நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது.

இன்னொன்று, புதிதாக 13 நிறுவிய கணினி டெம்ப்பில் 10 நாள், வார்-டெம்ப்பில் 30 நாள் கடந்தவற்றை அழிக்கிறது. 12இலிருந்து மேம்படுத்திய கணினிகளோ பழைய நடத்தையையே காக்கும் ஒரு கோப்பை ஈடிசியில் தாமே வைத்துக்கொள்கின்றன. ஒரே பதிப்பு ஓடும் இரண்டு கணினிகள் வெவ்வேறாக நடந்துகொண்டது ஏன் என்று தெரியாமல் ஒரு வாரம் குழம்பினேன். எல்லா வரிகளையும் ஒன்றாகக் காட்டும் கேட்-கான்ஃபிக் சுவிட்சை இரண்டிலும் ஓட்டி ஒப்பிட்டபோது விளங்கியது. ஈடிசியில் உள்ள கோப்பு, டெபியனோடு வரும் கோப்புகள் இருக்கும் யூஎஸ்ஆரில் உள்ள அதே பெயர்க் கோப்பை முழுவதுமாக மறைத்துவிடும் என்பதை மறக்கக் கூடாது.

ஒரு சுவிட்சை மட்டும் கடையில் எவரும் தொடக் கூடாது என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். 2024 ஜூனில் வெளியான சிஸ்டம்டி 256இல் வரிகள் உருவாக்கச் சொல்பவற்றை எல்லாம் அழிக்கும் பர்ஜ் என்ற சுவிட்ச் சேர்க்கப்பட்டது. தற்காலிகக் கோப்பு என்ற பெயரை நம்பி அதை ஓட்டியவர்களுக்கு பயனர்களின் கோப்புகள் எல்லாம் இருக்கும் ஹோம் கோப்புறையே போயிற்று. ஹோமை உருவாக்கும் வரியும் இந்த அமைப்புக்குள்தான் இருக்கிறது. எந்த கான்ஃப் கோப்பு என்று குறிப்பிடாமல் அது ஓடாதபடி 256.1இல் திருத்தினார்கள். அதே 256இல் வந்த ட்ரை-ரன் சுவிட்ச், எதையும் அழிக்காமல் என்ன அழியும் என்று மட்டும் சொல்கிறது. இப்போது எந்த வரியை மாற்றினாலும் முதலில் அதைத்தான் ஓட்டுகிறேன்.

அழிப்பது என்பது வட்டிலிருந்து தடயமே இல்லாமல் போவது ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கருவி அழிக்கும் கோப்பை மீட்பு மென்பொருளால் சில வேளை மீட்க முடியும். ஆகவே உள்ளறைக் கணினியின் வட்டை லக்ஸ் முறையில் குறியாக்கம் செய்திருக்கிறேன். வட்டு பழுதாகி வெளியே கொடுக்க நேர்ந்தாலும் யாருடைய ஆதாரும் அதோடு வெளியே போகாது.

இந்தச் சம்பாவுக்கு ஒரே ஒரு மாற்றம் செய்கிறேன். காப்பீட்டுப் பதிவு முடியும் வரை ஸ்கேன் கோப்புறையின் வயதை ஏழிலிருந்து பத்து நாளாக்கும் கோப்பை, பெயர் வரிசையில் முன்னால் நிற்கும்படி எண் கொடுத்து வைத்திருக்கிறேன். ஒரே பாதைக்கு இரண்டு கோப்புகளில் வரி இருந்தால் பெயர் வரிசையில் முந்தியதே செல்லும். பதிவு முடிந்த மறுநாள் அந்த ஒரு கோப்பை நீக்கினால் பழைய ஏழு நாள் தானாகத் திரும்பிவிடும். நீக்க வேண்டிய தேதியைக் கல்லாவுக்கு மேலே உள்ள நாள்காட்டியில் சிவப்பு மையால் குறித்திருக்கிறேன்.