‘பென்சில்வேனியா ஜெர்மன் பயனியர்ஸ்’: இரண்டாம் தொகுதி இல்லாமல் வாங்காதீர்கள்

பதினெட்டாம் நூற்றாண்டில் பிலடெல்பியாவில் கப்பலிறங்கிய ஜெர்மானியர்களைத் தேடுகிறவர்கள் எந்தப் பக்கம் போனாலும் கடைசியில் வந்து நிற்பது ஸ்ட்ராஸ்பர்கர், ஹின்கே இருவரும் 1934-இல் கொண்டுவந்த இந்த மூன்று தொகுதிகளிடம்தான். முதல் தொகுதியில் 1727 முதல் 1775 வரையிலான கப்பல் பட்டியல்கள். மூன்றாவதில் 1785 முதல் 1808 வரையிலானவையும் பெயரடைவும். இரண்டாவது முழுக்கக் கையொப்பங்களின் நகல். சில மறுபதிப்புகள் இந்த இரண்டாவதை விட்டுவிட்டு மற்ற இரண்டை மட்டும் தருகின்றன. விலை குறைகிறதே என்று அதை எடுத்தால் பாதி வேலைக்குமேல் நகராது.

காரணம், பட்டியல்கள் தயாரான விதம். ஒரே கப்பலுக்கு மூன்று பட்டியல் இருக்கலாம். ‘ஏ’ கப்பல் தலைவர் கொடுத்தது. ஆங்கிலக்காரர் காதில் விழுந்தபடி எழுதியது. ‘பி’ அரசருக்கு விசுவாசப் பிரமாணம் செய்தவர்கள் இட்ட கையெழுத்து. 1729-இலிருந்து வரும் ‘சி’ இன்னொரு உறுதிமொழிக்கானது. ‘ஏ’யில் மில்லர் என்று இருப்பவர் ‘சி’யில் தன் கையாலேயே முல்லர் என்று எழுதியிருப்பார். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஒன்றை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள்.

அச்சில் முதற்பெயருக்கும் குடும்பப்பெயருக்கும் நடுவே அடைப்புக்குள் ஒரு பெருக்கல் குறியோ தனி எழுத்தோ இருந்தால், அந்த ஆள் கையெழுத்துப் போடவில்லை, குறி மட்டும் வைத்தார், பெயரை எழுதியவர் எழுத்தர் என்று அர்த்தம். அந்த எழுத்துக்கூட்டலை வைத்து வாதாடிப் பயனில்லை. சொந்தக் கையெழுத்து இருந்தால்தான் இரண்டாம் தொகுதி கைகொடுக்கும்: ஒரே பெயரில் நான்கு யோஹன்னஸ் முல்லர்கள் இறங்கியிருந்தால், பிற்கால உயிலில் உள்ள கையெழுத்தோடு ஒப்பிட்டு ஆளைப் பிரிக்கலாம். ஆனால் கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) அலுவலகத்து உயில் புத்தகத்தில் இருப்பது எழுத்தர் எடுத்த படி. அதில் தெரிவது அவர் கையெழுத்துதான். அசல் உயில் தாளைக் கேட்டு வாங்குங்கள். கவுண்டியையும் கவனியுங்கள்: லங்காஸ்டர் 1729-இல் செஸ்டரிலிருந்து பிரிந்தது, பெர்க்ஸ் 1752-இல் உருவானது. பண்ணை நகராமலே ஆவணம் இடம் மாறியிருக்கும்.

பெயரடைவில்தான் நிறையப் பேர் தோற்றுப்போகிறார்கள். இவர்களில் பலரின் சொந்தப் பகுதியான தென்மேற்கு ஜெர்மனியின் பலாட்டினேட் பேச்சில் ‘பாபு’வின் ப-வுக்கும் ‘பல்’லின் ப-வுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது, த, க வரிசைகளிலும் அப்படியே. பெக் என்ற குடும்பம் Beck, Peck என்று இரண்டு இடத்தில் இருக்கும். தமிழில் எழுதினால் இரண்டும் பெக்தான். ஆங்கில அகரவரிசையிலோ நடுவே பாதி அடைவு கிடக்கும். மொழிபெயர்ந்த பெயர்கள் தனிக் கதை: சிம்மர்மான் கார்பென்டர் ஆவார், ஷ்வார்ட்ஸ் பிளாக் ஆவார். யோஹான் கியோர்க், யோஹான் பீட்டர் என்று ஒரே வீட்டில் பிள்ளைகள் எல்லோருக்கும் முன்னால் யோஹான் ஒட்டியிருக்கும். கூப்பிடுவது இரண்டாம் பெயரை. தேட வேண்டியதும் அதைத்தான். தனியாக யோஹன்னஸ் என்று வந்தால் அது வேறு பெயர்.

உறவு விஷயத்தில் இந்தப் புத்தகம் சொல்லாததைச் சொல்லவைக்கக் கூடாது. சட்டப்படி கையெழுத்திட்டவர்கள் 16 வயதும் அதற்கு மேலும் ஆன ஆண்கள். மனைவி, மகள், சிறு பிள்ளைகள் சில ‘ஏ’ பட்டியல்களில் தவிர எங்கும் இல்லை. ஒரே குடும்பப்பெயரில் அடுத்தடுத்து இரண்டு பேர் இருந்தால் அண்ணன் தம்பி என்று எழுதிவிடும் அவசரம் எல்லோருக்கும் உண்டு. ஊர்க்காரர்கள் சேர்ந்து வரிசையில் நின்றது உண்மை. அதனால் பக்கத்துப் பெயர் ஒரு துப்பு, அவ்வளவுதான். ‘சீனியர்’, ‘ஜூனியர்’ என்பதும் அப்படியே. அந்தக் காலத்தில் ஒரே ஊரில் வசித்த மூத்தவர், இளையவர் என்ற அளவில் சொந்தமே இல்லாதவர்களுக்கும் அது வரும்.

உறுதி செய்ய ஞானஸ்நானப் பதிவேடுகள்தான் வழி. ஸ்டோவர் என்ற லூத்தரன் போதகர் 1730 முதல் ஊர் ஊராகப் போய் எழுதிய பதிவேடு இதற்கு நல்ல துணை. பிள்ளையின் பெயரைவிட ஞானப்பெற்றோர் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் தாயின் உடன்பிறந்தாரோ தந்தையின் சொந்த ஊர்க்காரரோ நிற்பார்கள். முல்லரின் என்று பெண் பெயர் முடிந்தால் ‘இன்’ பெண்பால் விகுதி; வேறு குடும்பமென்று எண்ண வேண்டாம்.

தேதியில் ஒரு பொறி: 1752 செப்டம்பர் வரை பென்சில்வேனியா பழைய (ஜூலியன்) நாட்காட்டியில் இருந்தது. ஜெர்மனியின் புராட்டஸ்டன்ட் பகுதிகள் 1700-இலேயே புதியதற்கு மாறிவிட்டன. பதினெட்டாம் நூற்றாண்டில் இடைவெளி 11 நாள். பழைய ஆங்கிலக் கணக்கில் புத்தாண்டு பிறந்தது மார்ச் 25-இல். கப்பல்கள் பெரும்பாலும் இலையுதிர் காலத்தில் வந்ததால் ஆண்டுக் குழப்பம் அவற்றில் அரிது. ஜனவரி முதல் மார்ச் 24 வரையிலான ஆங்கில ஆவணங்களில் தாராளமாக வரும்.

நியூயார்க்கில் 1710-இல் இறங்கிய பலாட்டினேட்காரர்கள் இதில் இல்லை. பிலடெல்பியாவை ஒட்டிய ஜெர்மானியக் குடியேற்றமான ஜெர்மன்டவுனின் 1727-க்கு முந்தைய குடும்பங்களும் இல்லை. அவர்களுக்காக இதை வாங்குவது வீண் செலவு.