முகம் படிப்பதா, ஊகத்தைச் சோதிப்பதா?

உடன் வேலை செய்பவர் எதிரே வருகிறார். சிரிக்காமல் கடந்து போய்விடுகிறார். மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) உள்ள ஒருவருக்கு, "என்மேல் ஏதோ கோபம், மற்றவர்களிடமும் சொல்லியிருப்பார்" என்று தோன்றலாம். ஆட்டிசம் உள்ள ஒருவர், அந்த முகத்தில் ஏதோ சேதி இருந்ததையே கவனிக்காமல் போகலாம். எல்லாரும் இப்படித்தான் என்றில்லை. மனச்சிதைவிலும் முகபாவம் பிடிபடாமல் போவது சகஜம். ஆனால் சிக்கல் எங்கே என்று பார்க்காமல் பிறர் மனதைப் புரிந்துகொள்ளப் பழக்கும் ஒரே பயிற்சியில் இருவரையும் உட்கார வைத்தால் யாராவது ஒருவருக்கு நேரம்தான் வீண்.

முகபாவப் பயிற்சிக்கு நல்ல உதாரணம் ஜெர்மனியில் மனச்சிதைவு நோயாளிகளுக்காக உருவான 'டார்' (TAR). 12 அமர்வுகள், இரண்டு பேருக்கு ஒரு சிகிச்சையாளர். புருவம் எப்படி இருக்கிறது, உதட்டோரம் எங்கே போகிறது என்று பிரித்துப் பார்த்து, வாய்விட்டுச் சொல்லிப் பழகுகிறார்கள். முகபாவத்தை அடையாளம் காண்பது நிஜமாகவே மேம்படுகிறது. ஆட்டிசம் உள்ளவர்களுக்கு, 412 உணர்ச்சிகளை வகைப்படுத்திய 'மைண்ட் ரீடிங்' மென்பொருள் இருக்கிறது. அதைப் பெரியவர்களிடம் சோதித்து 2006-இல் வெளியான ஆய்வில், மென்பொருளில் பார்த்துப் பழகிய முகங்களில் நல்ல முன்னேற்றம். பழகாத புதுக் காட்சிகளுக்கு அது அவ்வளவாகக் கைகொடுக்கவில்லை. திரையில் கற்றது தெருவுக்கு வராததுதான் இந்த வகையின் பெரிய குறை.

எனக்கு அதிக நம்பிக்கை தருவது 'ஸ்கிட்' (SCIT). அமெரிக்காவில் உளவியலாளர் டேவிட் பென்னும் சகாக்களும் மனச்சிதைவு உள்ளவர்களுக்காக உருவாக்கிய குழுப் பயிற்சி. வாரம் ஒருமுறை, ஏறக்குறைய ஆறு மாதம். எதற்கும் பிறரைக் குறைசொல்லும் பில், எல்லாம் தன் தப்பு என்னும் மேரி, சூழ்நிலையைக் காரணம் காட்டும் எடி என்று மூன்று பாத்திரங்கள் வருவார்கள். அப்புறம் குழுவில் இருப்பவர்கள் அவரவர் வாழ்க்கைக்கு வருவார்கள். மேலே சொன்ன சம்பவத்தையே எடுத்துக்கொள்வோம். 'அவர் சிரிக்கவில்லை' என்பது நடந்தது. 'கோபமாக இருக்கிறார்' என்பது ஊகம். பில் என்ன சொல்வார், எடி என்ன சொல்வார் என்று குழு பேசுகிறது. ஊகம் சரியா என்று தெரிந்துகொள்ள அவரிடமே எப்படிப் பேச்சுக் கொடுப்பது என்றும் ஒத்திகை பார்க்கிறார்கள். அவசர முடிவுக்குத் தாவுகிறவருக்கு இதுதான் மருந்து. ஆட்டிசம் உள்ள பெரியவர்களுக்காகவும் இதை மாற்றியமைத்திருக்கிறார்கள்.

'பியர்ஸ்' (PEERS) வேறு ரகம். ஆட்டிசம் உள்ள இளைஞர்களுக்கு 16 வாரம்: பேச்சைத் தொடங்குவது, முடிப்பது, கேலியைச் சமாளிப்பது. பெற்றோர் போல நெருங்கிய ஒருவர் பயிற்சித் துணையாகக் கூடவே வர வேண்டும். அப்படி ஆள் இல்லாதவருக்கு இது கஷ்டம்.

கவனம், நினைவாற்றலுக்கான கணினிப் பயிற்சியையும் குழு அமர்வுகளையும் சேர்த்து 18 மாதம் நடப்பது 'சி.இ.டி.' (CET). மனச்சிதைவு, ஆட்டிசம் என இரு தரப்பிலும் சோதித்த முறை. பலன் இருக்கிறது, ஆனால் அத்தனை மாதம் நிலைத்து வர முடிய வேண்டும்.

ஒன்றை மறைக்கக் கூடாது. டேமியன் மில்டன் என்ற ஆட்டிசம் உள்ள சமூகவியலாளர் 2012-இல் சொன்னார்: புரியாமை இருபக்கமும் உண்டு, மற்றவர்களும் ஆட்டிசம் உள்ளவரைப் படிக்கத் தவறுகிறார்கள். எனவே எந்தப் பயிற்சியில் சேருமுன்பும் நடத்துபவரிடம் கேளுங்கள்: போன வாரம் எனக்கு நடந்ததை இங்கே பேச முடியுமா, இல்லை கண்ணைப் பார்த்துச் சிரிக்க மட்டும்தான் பழக்குவீர்களா?