நியூஸ்பேப்பர்எஸ்ஜி: சிங்கப்பூரின் பழைய நாளிதழ்களில் தேடுவது எப்படி

பழைய நாளிதழ்களை இணையத்தில் தேடிப் படிக்கச் சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் நடத்தும் நியூஸ்பேப்பர்எஸ்ஜி (NewspaperSG) தளத்தை நீண்ட நாள் பயன்படுத்தினால் ஒன்று தெளிவாகும்: காலனித்துவ காலத் துறைமுகத்தை அறியத் தலையங்கங்களைவிடக் கப்பல் பத்தியும் விளம்பரங்களுமே மேல். எந்தக் கப்பல் எந்த ஊரிலிருந்து வந்தது, முகவர் யார், எந்தச் சரக்கு ஏலத்துக்கு வருகிறது என்பதெல்லாம் அங்கேதான் கிடைக்கும். முடிவுகளை விளம்பரம் என்ற வகைக்குள் சுருக்கிப் பாருங்கள். ஒரே விளம்பரம் வாரக்கணக்கில் திரும்பத் திரும்ப வரும் என்பதால், கிடைத்த முடிவுகளின் எண்ணிக்கையை வைத்து எதையும் கணிக்க வேண்டாம்.

தேதியில்தான் பலர் சறுக்குகிறார்கள். 1845 ஜூலையில் தொடங்கிய ஸ்ட்ரெயிட்ஸ் டைம்ஸ் முதலில் வார இதழ், 1858இல்தான் நாளிதழானது. கடலடித் தந்தி சிங்கப்பூருக்கு 1871இல் வந்தது. அதற்கு முன் லண்டன் செய்தி தபால் கப்பலில்தான் வந்தாக வேண்டும். ஆகவே அந்தக் கால வெளிநாட்டுச் சம்பவத்தைத் தேடினால், நடந்த நாளிலிருந்து இரண்டு மூன்று மாதங்கள் வரை தேடல் எல்லையை நீட்டுங்கள்.

அடுத்தது பெயர்கள். கெப்பல் துறைமுகத்தின் பெயர் 1900 வரை நியூ ஹார்பர் (New Harbour). நாகப்பட்டினத்தை நெகபடாம் (Negapatam) என்று தேடுங்கள். தமிழரைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் 'கிளிங்' (Kling) என்ற சொல்லின் கீழ் கிடக்கின்றன. இன்று அது வசைச்சொல். ஆனாலும் அதைத் தவிர்த்தால் பாதி வரலாறு கைநழுவிப் போகும்.

பக்கப் படத்திலுள்ள அச்சைத் தேடக்கூடிய எழுத்தாக மாற்றும் எழுத்துணரி (OCR) மென்பொருள் மங்கிய அச்சைத் தவறாக வாசிக்கும். வரி முடிவில் உடைந்த சொல் சிக்காது, பக்கத்துப் பத்திகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். கப்பல் பெயரில் கிடைக்காவிட்டால் கப்பல் தலைவர் பெயரிலோ முகவர் நிறுவனத்தின் பெயரிலோ முயலுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் அந்தத் தேதியின் இதழை நேரடியாகத் திறந்து புரட்டுவதுதான் வழி.

காலனித்துவ கால ஆங்கில இதழ்கள் பெரும்பாலும் வெள்ளை வணிகர்களின் பத்திரிகைகள் என்பதை மறக்கக் கூடாது. 1835 வரை அரசின் முன்தணிக்கை இருந்தது. அது நீங்கிய ஆண்டில் பிறந்ததுதான் சிங்கப்பூர் ஃப்ரீ பிரஸ். 1915 பிப்ரவரியில் சிங்கப்பூரில் பிரிட்டிஷ் படையின் இந்தியச் சிப்பாய்கள் செய்த கலகம் பற்றிய செய்திகளையும் இராணுவச் சட்ட நிழலில் அச்சானவை என்றே படிக்க வேண்டும். ஜப்பானிய ஆட்சிக்கால சியோனான் ஷிம்புன் இதழில் ஆண்டு 2602 என்றிருந்தால் அது ஜப்பானிய ஆண்டுக் கணக்கு, அதாவது 1942.

தமிழர் குரல் கேட்க சிங்கை நேசனும் (1887–1890), 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசும் உண்டு. பழைய லை, னை, றா வடிவங்களில் எழுத்துணரி தடுமாறும் என்பதால் தமிழில் சொல் தேடலை நம்ப வேண்டாம். முதலில் ஆங்கில இதழில் தேதியைப் பிடித்துக்கொண்டு, அதை ஒட்டிய தமிழ் இதழ்களைப் பக்கம் பக்கமாகப் பாருங்கள்.