புழல் ஏரியைப் பாடமாக எடுக்க எந்தச் செயற்கைக்கோள் தளம்?

கூகுள் எர்த், ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் பிரவுசர், நாசாவின் வேர்ல்டுவியூ, இஸ்ரோவின் புவன். நான்கையும் காசில்லாமல் பார்க்கலாம். ஆனால் ஒன்பதாம் வகுப்பில் நாற்பது பேரை வைத்துக்கொண்டு, சென்னைக்குக் குடிநீர் தரும் புழல் ஏரியைக் காட்டி 2019-ன் தண்ணீர்ப் பஞ்சத்தைப் பாடம் எடுக்கும்போதுதான் எது எதற்கு ஆகும் என்று தெரியும்.

கூகுள் எர்த்தைத் திறந்ததும் பிள்ளைகள் தேடுவது அவரவர் வீட்டு மொட்டைமாடியை. தேடட்டும், ஐந்து நிமிடம் போனால் போகட்டும். அப்புறம் வருடத்துக்கு ஒரு படமாக ஓடவிடும் டைம்லாப்ஸைப் போட்டால், 1984 முதல் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஊர் நெருக்கிக்கொண்டே வருவது யாரும் விளக்காமலே புரியும். புழலுக்கு அது உதவாது. ஒரு வருடத்துப் படங்களைச் சேர்த்து மேகமில்லாத ஒரே படமாக்குவதால் கோடையும் மழைக்காலமும் கலந்துவிடுகின்றன. பழைய படங்களைத் தேதிவாரியாகவும் பார்க்கலாம், சரி. ஆனால் கிடைக்கும் தேதிகள் நாம் கேட்டவையாக இருக்காது. ஒரு ஜனவரிப் படத்தையும் ஒரு மே மாதப் படத்தையும் பக்கத்தில் வைத்து, "ஏரியை ஆக்கிரமிச்சுட்டாங்க சார்" என்று எழுதிக் கொடுத்தான் ஒரு பையன். பாவம், அது வெறும் கோடை.

அதனால் என் ஓட்டு கோப்பர்நிக்கஸுக்கு. அதில் சென்டினல்-2 செயற்கைக்கோள்களின் படங்கள் 2015 முதல் இருக்கின்றன. இப்போது ஐந்து நாளைக்கு ஒன்று வருகிறது. 2018 மே, 2019 மே என ஒரே மாதத்தை எடுத்து ஒப்பிடலாம். நீர்ப்பரப்பின் ஓரத்தைச் சுற்றிக் கோடு வரைந்து பரப்பளவையும் அளக்கலாம். கணக்கு வாத்தியாருக்கும் சந்தோஷம். இதில் ஒரு பிக்சல், அதாவது படத்தின் மிகச் சிறிய கட்டம், தரையில் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர், அதாவது அரை கிரவுண்டுக்கும் குறைவு. டைம்லாப்ஸின் தொடக்க ஆண்டுகளுக்குக் கைகொடுக்கும் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தில் ஒரு பிக்சல் சுமார் நான்கு கிரவுண்டு. இப்படிச் சொன்னால்தான் சென்னைப் பிள்ளைகளுக்கு உறைக்கிறது.

சிக்கலும் உண்டு. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைச் சிவப்பாகக் காட்டும் வண்ணக் கலவையில் செடிகொடிகள் சிவப்பாகத் தெரியும். ஆகாயத்தாமரை மூடிய ஏரியும் அப்படியே சிவந்து கிடக்கும். தண்ணீர் வற்றி நிலமாகிவிட்டது என்று பாதி வகுப்பு சாதிக்கும். அன்றைக்கு அதைத் தீர்ப்பதிலேயே மணி அடித்துவிடும்.

வேர்ல்டுவியூவில் தினமும் படம் உண்டு. புயலையும் காட்டுத்தீப் புகையையும் காட்ட அதை விட்டால் வேறில்லை. ஏரிக்குச் சரிப்படாது, அதிலுள்ள மோடிஸ் என்ற நாசா கருவியின் கூர்மையான படத்திலேயே ஒரு பிக்சல் பதினைந்து ஏக்கர். புவனில் நிலப்பயன்பாட்டு வரைபடங்கள் இருக்கின்றன; எது வயல், எது ஏரி என்று வகை பிரித்திருப்பதால், படம் பார்த்துச் சொன்ன விடையைச் சரிபார்க்க வசதி.

2015 டிசம்பர் வெள்ளத்தைக் கேட்டால் மட்டும் சென்டினல்-2-ஐ நம்ப முடியாது, மழைநாளில் மேகம்தான் தெரியும். கோப்பர்நிக்கஸிலேயே சென்டினல்-1 ரேடாருக்கு மாற வேண்டும். அது மேகத்தை ஊடுருவும், இரவிலும் எடுக்கும். கறுப்பு வெள்ளையைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். கறுப்பாகக் கிடப்பது தேங்கிய தண்ணீர் என்றதும் மறுபடி அவரவர் தெருவைத் தேட ஆரம்பிப்பார்கள்.