கூடுதல் மீட்டரை எங்கே பொருத்துவது? ஏ-பில்லரா, ஸ்டீயரிங் காலமா, ஏசி வென்ட்டா?

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு மே மாத மதியம், பாதி மலை ஏறியிருந்தபோது என் பழைய டீசல் காரின் ரேடியேட்டர் ஃபேன் நின்றுபோனது. டேஷ்போர்டில் இருந்த டெம்பரேச்சர் முள் வழக்கம்போல நடுவிலேயே நின்றது. பிறகு அது நகரத் தொடங்கியதும் சிவப்பைத் தொட்டதும் ஒரே வளைவுக்குள் முடிந்துவிட்டது. காரை ஓரம்கட்டி, பானட்டைத் திறந்து வைத்துவிட்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். இன்ஜின் தப்பித்தது. தனியாக ஒரு டெம்பரேச்சர் மீட்டர் வாங்கியே தீருவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

பல கார்களில் கம்பெனி முள் இப்படித்தான் நடந்துகொள்ளும். இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் 80 டிகிரியில் இருந்தாலும் 100ஐத் தாண்டினாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி வைத்திருக்கிறார்கள். முள் சும்மா ஆடினால் ஓட்டுபவர் பதறிவிடுவார் என்பதற்காக. இன்றைய கார்கள் பலவற்றில் அந்த முள்ளும் இல்லை, குளிராக இருந்தால் நீல விளக்கு, கொதித்தால் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். அதனால் மலைச்சாலையில் அடிக்கடி ஓட்டுபவர்களுக்கும் பழைய டர்போ டீசல் வைத்திருப்பவர்களுக்கும் தனி மீட்டர் உண்மையிலேயே உதவும். மீட்டர் வாங்குவது சுலபம், பெரும்பாலும் 52 மி.மீ. வட்டம்தான். அதை எங்கே வைப்பது என்பதில்தான் நான் மூன்று வாரம் குழம்பினேன்.

எல்லோரும் முதலில் சொல்வது ஏ-பில்லர். கண்ணாடிக்கும் முன்கதவுக்கும் நடுவில் சாய்ந்து நிற்கும் தூணில், ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மீட்டர் வைத்த கூடு பார்க்க அழகாகத்தான் இருக்கும். கண் சாலையை விட்டு அதிகம் விலக வேண்டியதில்லை. வயர் தூணுக்குள்ளேயே இறங்கி ஃப்யூஸ் பெட்டிக்குப் போய்விடும். நானும் முதலில் இதைத்தான் நினைத்திருந்தேன்.

மனதை மாற்றியது அதே கொண்டை ஊசி வளைவுகள்தான். நம் ஸ்டீயரிங் வலப்பக்கம். வலது பக்கம் திரும்பும் வளைவில், எதிரே வரும் வண்டியை வலது தூணை ஒட்டித்தான் பார்க்கிறோம். தூண் ஏற்கெனவே கொஞ்சம் மறைக்கிறது. கண்ணிலிருந்து சுமார் 60 செ.மீ. தள்ளி இருக்கும் அந்தத் தூணின் விளிம்பைத் தாண்டி, மீட்டர் கூடு வெறும் 3 செ.மீ. நீட்டிக்கொண்டிருந்தால் போதும், 20 மீ. தூரத்தில் கூடுதலாக 1 மீ. அகலம் மறைந்துவிடும். நேராக வரும் பைக்கும் அதில் உட்கார்ந்திருப்பவரும் சேர்ந்தே அந்த அகலத்துக்குள் அடங்கிவிடுவார்கள். இதை வாசலில் நின்ற காரிலேயே சோதித்தேன். டப்பா மூடி ஒன்றைத் தூணில் ஒட்டிவிட்டு, தம்பியை பைக்கோடு தெருமுனையில் நிற்கச் சொன்னேன். மூடி இல்லாதபோது அவன் தோளாவது தெரிந்தது. மூடி இருந்தபோது தலையை முன்னால் நீட்டினால்தான் ஆளே தெரிந்தான்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. விபத்தில் பக்கக் கண்ணாடியோரம் திரைபோல விரியும் கர்டன் ஏர்பேக் உள்ள கார்களில், அந்தப் பை கூரை ஓரத்தில் மடித்து வைக்கப்பட்டு ஏ-பில்லர் வரை வரும். தூணின் மூடியில் துளை போட்டு ஸ்குரூ முடுக்குவது அதன் பாதையில் கை வைப்பதுதான். விபத்தில் பை விரியும்போது அந்தக் கூடு எங்கே தெறிக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. தூண் மூடியில் ஏர்பேக் என்ற எழுத்து இருந்தால் இந்த இடத்தை அப்படியே மறந்துவிடுங்கள். எழுத்து இல்லாத பழைய கார், பெரும்பாலும் நேரான நெடுஞ்சாலை ஓட்டம் என்றால் ஏ-பில்லர் நல்ல இடம்தான், மறுக்கவில்லை.

அடுத்தது ஸ்டீயரிங் காலத்தின் (column), அதாவது ஸ்டீயரிங் வளையத்தைத் தாங்கும் தண்டின் மூடிக்கு மேல். ஸ்டீயரிங் வளையத்தின் ஊடே, கம்பெனி மீட்டர்களுக்கு முன்னால் ஒற்றை மீட்டர் நிற்கும். ஸ்பீடைப் பார்க்கும் அதே பார்வையில் டெம்பரேச்சரும் கண்ணில் படும். இதன் அருமை ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். 80 கி.மீ. வேகத்தில் ஒரு விநாடிக்குக் கார் 22 மீட்டர் போய்விடுகிறது. எண்ணைத் தேடிக் கண் எவ்வளவு நேரம் அலைகிறதோ, அவ்வளவு நேரமும் சாலையைப் பார்க்காமல் ஓட்டுகிறோம். அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்எச்டிஎஸ்ஏ 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும், காருக்குள் இருக்கும் திரையை ஒருமுறை பார்க்க 2 விநாடிக்கு மேல் ஆகக்கூடாது என்றுதான் இருக்கிறது.

குறைகளும் உண்டு. உயரம் குறைந்தவர் ஓட்டும்போது அந்த மீட்டர் கம்பெனி மீட்டரின் கீழ்ப்பகுதியை மறைக்கும். என் காரில் எனக்கு எல்லாம் தெரிந்தது, மனைவிக்கு ஃபியூயல் முள் பாதி மறைந்தது. கூட்டை விரலகலம் வலப்பக்கம் தள்ளிய பிறகுதான் இருவருக்கும் சரியானது. ஸ்டீயரிங் மேலும் கீழும் நகரும் வகை என்றால் வயரைக் கொஞ்சம் தளர்வாக விட வேண்டும். இழுத்துக் கட்டினால் சில மாதத்தில் உள்ளே அறுந்துவிடும். ஏர்பேக் வயர்கள் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருக்கும், அந்தப் பக்கமே கை போகக்கூடாது. ஸ்டீயரிங் காலத்தின் மூடியில் துளை போட மனம் வரவில்லை என்றால், சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழைய மூடி ஒன்று வாங்கி அதில் துளை போட்டுக்கொள்ளலாம். காரை விற்கும்போது காரோடு வந்த மூடியை மாட்டிக் கொடுத்துவிடலாம்.

ஏசி வென்ட்டில் வைப்பது வேலைப்பாட்டில் மிக நேர்த்தியானது. வலது ஓர வென்ட்டைக் கழற்றிவிட்டு அதே வட்டத்தில் மீட்டர் உட்கார்ந்தால் கம்பெனியே கொடுத்தது போல இருக்கும். எதையும் மறைக்காது, துளை போட வேண்டாம். ஆனால் சித்திரை வெயிலில் ஓட்டுபவருக்கு வரும் காற்றில் ஒரு வாயை அடைக்கிறோம். பின்னால் இருக்கும் குழாயைச் சரியாக அடைக்காவிட்டால் குளிர்காற்று மீட்டரைச் சுற்றியே அடித்து, கார் நின்றதும் மீட்டரின் கண்ணாடியில் ஆவி படியும். மீட்டரின் பின்பக்க ஆழத்தையும் வயர் வளையும் இடத்தையும் அளந்துவிட்டுத்தான் வாங்க வேண்டும்.

டேஷ்போர்டு மேலே டபுள் சைடு டேப்பில் ஒட்டுவது பத்து நிமிட வேலை. ஆனால் எனக்குப் பிடிக்கவில்லை. வெயிலில் நின்ற காரில் அந்த இடம் 70 டிகிரியைக்கூட எட்டும். டேப் இளகும், டிஜிட்டல் திரை கறுக்கும், இரவில் மீட்டர் வெளிச்சம் முன்கண்ணாடியில் பிரதிபலிக்கும். இடப்பக்கம் பயணியின் ஏர்பேக் மூடிமேல் ஒட்டுவது நேரடி ஆபத்து.

ஸ்டீரியோவுக்குக் கீழே காலியாக இருக்கும் இடத்தில் மூன்று 52 மி.மீ. மீட்டர்கள் வரிசையாக உட்காரும் பேனல்கள் கிடைக்கின்றன. பார்க்கத் தலையைக் குனிய வேண்டும். பேட்டரி வோல்ட் மீட்டருக்கு அது போதும், ஏனென்றால் வோல்ட் குறைவதை வண்டி நின்றபோது பார்த்தாலும் நேரம் இருக்கிறது. ஆயில் பிரஷருக்கு அந்த நேரம் கிடையாது. பிரஷர் விழுந்தபின் ஓடும் சில விநாடிகளே பேரிங்கைத் தின்றுவிடும். இதைத்தான் நான் இப்போது அளவுகோலாக வைத்திருக்கிறேன்: மீட்டர் சொல்வதைக் கேட்டு எவ்வளவு சீக்கிரம் வண்டியை நிறுத்த வேண்டும்? அவசரம் கூடக் கூட, மீட்டர் சாலைக்கு நெருக்கமாக இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆயில் பிரஷர் மீட்டர் எந்த இடத்தில் இருந்தாலும் சென்சார் வைத்த எலக்ட்ரிக் வகையையே வாங்குங்கள். குழாய் வழியாக ஆயிலே மீட்டர் வரை வரும் பழைய வகையில், குழாய் விட்டால் கொதிக்கும் ஆயில் காருக்குள் பீய்ச்சும்.

கடைசியில் என் டெம்பரேச்சர் மீட்டர் ஸ்டீயரிங் காலத்தில் உட்கார்ந்தது, வோல்ட் மீட்டர் ஸ்டீரியோவுக்குக் கீழே. துளை போடும் முன் 52 மி.மீ. அட்டை வட்டத்தை மாஸ்கிங் டேப்பில் ஒட்டி ஒரு வாரம் ஓட்டினேன், இரவிலும் மழையிலும். மீட்டர் விளக்கை பார்க்கிங் விளக்கின் வயரோடு சேர்த்தோம், ஹெட்லைட் போட்டதும் தானே மங்கும். அப்புறம், ரேஸ் கார்களில் செய்வதுபோல மீட்டரை அப்படியே கொஞ்சம் திருப்பிப் பொருத்தச் சொன்னேன். என் வண்டிக்கு இயல்பான 90 டிகிரி இப்போது நேர் மேலே இருக்கிறது. எண்கள் சாய்ந்து தெரிவதைப் பார்த்து எலக்ட்ரீஷியன் இரண்டு முறை கேட்டார், நிஜமாகவே இப்படித்தானா என்று. போன மாதம் மறுபடி கொல்லிமலை ஏறியபோது எண்ணை ஒருமுறைகூடப் படிக்கவில்லை. முள் நிமிர்ந்து நின்றது, நாற்பதாவது வளைவுக்கு மேல் மட்டும் கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்தது. ஏசியை அணைத்தேன். இரண்டு வளைவு தாண்டுவதற்குள் மறுபடி நிமிர்ந்துவிட்டது.